மான் காதும் கழுத்துப் பட்டையும்

"எதிர்த்துத்தானே எழுதினே?" தபாலாபீஸிலிருந்து திரும்பிய லவெர்னை வாசலிலேயே மறித்தான் அவள் புருஷன் ராய்ஸ்.

நமீபியாவில் அவன் சுட்ட சிவிங்கிப்புலி, பாடம் செய்த உடலாக டெக்சாஸுக்கு வர அரசாங்க அனுமதிக்காகக் காத்துக் கிடந்தது. அழிந்துவரும் இனம் என்பதால் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். இன்றுதான் கடைசி நாள்.

வேட்டைச் சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஆதரித்து எழுதியாயிற்று. வீட்டுக்காரி மேல்தான் அவனுக்குச் சந்தேகம்.

சந்தேகத்தில் நியாயம் இருந்தது. அவளுடைய கறுப்பு நாய் பிஸ்கெட், தூசி தட்டச் சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்த மான் தலையின் காதைக் கடித்துவிட்டது. அந்தச் செத்த காதுக்காக, வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்த நாயைக் கொட்டகைக்குப் பின்புறம் வைத்துச் சுட்டுவிட்டான் பாவி.

லவெர்ன் நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றி அடுக்களை ஆணியில் மாட்டினாள். ராய்ஸ் நமீபியாவிலிருந்து கொண்டுவந்த பழைய தோல் பட்டை அது. பிஸ்கெட் கழுத்துக்கு இரண்டு சுற்று வந்தது. கொக்கியில் மஞ்சள் மயிர் நாலைந்து சிக்கியிருந்தது.

"ஆதரிச்சுத்தான் எழுதினேன், ராய்ஸ்."

"யார்கிட்ட கதை விடறே?"

"நிஜமாத்தான். 'மூணு நாள் தடம் பார்த்து அலைஞ்சு, மனுஷ வாடையே படாத காட்டு மிருகத்தைச் சுட்டார் என் புருஷன்'னு, நீ மனுவில சொன்னதையே எழுதினேன்."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லு! ஒரு நாய்க்காக எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே? வேற குட்டி வாங்கித் தரேன், விடு."

அவள் கிண்ணத்தில் மாட்டுக்கறிக் குழம்பை ஊற்றினாள். சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே, சிவிங்கிப்புலியை எங்கே நிறுத்தலாம் என்று சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு வந்தான் ராய்ஸ். அடுக்களை ஆணி வெறுமையாக இருந்தது.

"பட்டை எங்கடி?"

"கடிதத்தோட வச்சு அனுப்பிட்டேன்."

"அதை எதுக்கு அனுப்பினே?" சோளரொட்டியைக் கீழே வைத்தான் அவன்.

"மனுஷ வாடையே படாத மிருகம் கழுத்துல போட்டிருந்ததாச்சே, ராய்ஸ்!"