மூன்று பிப்ரவரி இருபத்தொன்பதுகள்

நிஜக் கடிகாரம்போல் நடிக்கும் மென்பொருள் கடிகாரங்களுக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுதுவது ஜெசிந்தாவின் வேலை. அன்று காலை, லீப் நாள் சோதனையைத் தவறுதலாகக் குடியிருப்பை இயக்கும் நிஜக் கடிகாரத்திலேயே ஓட்டிவிட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் தேதி நான்கு ஆண்டுகள் தாவி, பிப்ரவரி இருபத்தொன்பதில் நின்றது.

அது அவள் கணவர் கிறிஸ்துதாஸின் பிறந்தநாள். சமையல் இயந்திரம் மூன்று முறை கேசரி கிண்டியது. அலுவலகத்துக்கு அவர் வயதைச் சொல்வதும் அதே கடிகாரம்தான். பதினொரு மணிக்கு நாற்பத்தெட்டு அறுபதானதும், ஓய்வு ஆணையும் மாலையும் ட்ரோனில் வந்து இறங்கின.

ஜெசிந்தா ஓடிவந்தாள். "உங்க வேலையே போயிரும். இப்பவே பின்னால திருப்பிடுறேன்."

"எப்பக்குள்ள திருப்பணும்?"

"அஞ்சு மணிக்குள்ள. அதுக்கப்புறம் ஆணை உறுதியாயிரும்."

கிறிஸ்துதாஸ் மாலையைப் போட்டுக்கொண்டார். "அப்போ அதுவரைக்கும் நான் ரிட்டயர்டு ஆளு. கிளம்பு, முட்டத்துல கடல் பாக்கலாம்."

அவள் சிரித்தபடியே போனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாறைமேல் உட்கார்ந்துதான் ஐந்து மணிக்குத் தேதியைத் திருப்பினாள்.

உடனே அலுவலகம் கேட்டது: பதினொரு மணியிலிருந்து ஏன் வேலைக்கு வரவில்லை?

கிறிஸ்துதாஸ் நிதானமாகப் பதில் எழுதினார்: "அப்போது எனக்கு அறுபது வயது."