இவரை நம்புகிறீர்களா?

ஆலைப் பணத்தைக் கையாடியதாகக் காசாளர் சென்னியப்பன்மீது முதலாளி புகார் பதிவு செய்தார். புகார் பதிவானதுமே வீட்டிலுள்ள எல்லோருடைய வங்கிக் கணக்கும் முடங்கிவிடும். திறக்க ஒரே ஒரு வழி உண்டு. மனைவியின் போனுக்கு ஒரு கேள்வி வரும். பத்து நிமிடத்துக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

‘உங்கள் கணவரை நம்புகிறீர்களா?’

நம்பவில்லை என்றால் அவளுடைய கணக்கு மட்டும் திறக்கும்.

“ஏனுங்க, எடுத்தீங்களா?” என்றாள் குமுதா.

“ஒத்த ரூவா தொடலை. நீ நம்பலைன்னு அழுத்து.”

“அது பொய்யிங்களே.”

“முன்பணம் இல்லாம வக்கீல் வாயத் தொறக்க மாட்டாரு. புள்ளைக்கு இன்சுலின் வேற வாங்கோணும். மானம் பாக்கற நேரமா இது?”

இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. குமுதா அவர் முகத்தைப் பார்க்காமல் அழுத்தினாள். கணக்கு திறந்தது. வக்கீலுக்கு முன்பணம் போனது.

வக்கீல் உடனே போனில் வந்தார். ஆலை தாக்கல் செய்த கோப்பைத் திறந்து படித்தார்.

“அவங்க கையில ஆதாரமே இல்லீங்க, சென்னியப்பன். அஞ்சு நிமிசம் முன்னாடி வரைக்கும்.”

“இப்ப?”

“ஒண்ணு வந்திருக்குது. உங்க சம்சாரம் குடுத்த வாக்குமூலம்.”