ஞாயிறு நாலரை மணிக் கூட்டம்

வெற்றிசெல்வன் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளையும் போட்டான். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான்.

"காத்துக்கு அடிச்சுக்குது" என்றான், யாரும் கேட்காமலே.

வனிதா அண்ணனைப் பார்த்தாள். ஜன்னல்கள் எல்லாம் கம்பி போட்டவை. வெளியே போக அந்த ஒரு கதவுதான்.

அன்னவாசல் மனிதநேய வட்டம் ஞாயிறுதோறும் இந்த டியூஷன் சென்டர் மாடியில் கூடும். ராகு காலம் பிறக்கும் நாலரைக்குத் தொடங்கி, அது முடியும் ஆறு மணிக்கு முடிப்பார்கள். வேண்டுமென்றே வைத்த நேரம். மூன்று வருடமாக வனிதாதான் செயலாளர். இன்றோடு சரி. வருகிற புதன்கிழமை விராலிமலையில் அவளுக்கும் துபாயில் வேலை பார்க்கும் மாமன் மகனுக்கும் கல்யாணம்.

மணமேல்குடி கவியரசனைத்தான் கட்டுவேன் என்று அவள் வாய் திறந்த அன்றே அவளுடைய போன் அண்ணன் கைக்குப் போய்விட்டது. பத்து நாளாக அறைக்குள்தான் சாப்பாடு. வட்டத்தின் நோட்டுகளை ஒப்படைத்துவிட்டு வர இன்றைக்கு மட்டும் அப்பா விட்டார்.

"ராகு காலத்துல எவன் தாலி கட்டப் போறான்? போய்ட்டு வரட்டும்" என்றார். அந்த ஒன்றரை மணி நேரம் அவரே வாசலைத் தாண்ட மாட்டார். "நீ கூடப் போடா வெற்றி. ஓடப் பாத்தான்னா காலை ஒடிச்சுப்புடு."

தலைவர் அருள்மணி, கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், ஒரு நோட்டோடு அவளிடம் வந்தார்.

"ஒனக்கு இருபத்தி நாலு முடிஞ்சிருச்சுல்லம்மா?"

"பிப்ரவரியோட முடிஞ்சிருச்சுண்ணே. எதுக்கு?"

"பதிவுல வயசு எழுதாம விட்டுருக்கு." அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் தொடங்கியது. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அருள்மணி எழுந்து பேசினார்.

"நம்ம வட்டத்துல இதுவரைக்கும் ஏழு ஜோடி மாலை மாத்திருக்காக. ஏழும் ராகு காலத்துல. யாருக்காச்சும் ஒரு கொறை வந்துச்சா?"

"எனக்கு வந்துச்சே" என்றார் முன்வரிசையில் இருந்த சேவுகன். "ரெண்டு வருஷமா வீட்டுல வாயத் தொறக்க முடியல."

"அப்ப இங்க தொறந்தது யாரு வாயாம்?" என்றாள் பக்கத்திலிருந்த அவர் மனைவி சுகுணா.

எல்லோரும் சிரித்தார்கள். எட்டாவதாக நாம் நிற்போம் என்று தை மாதம் கவியரசன் சொன்னது வனிதாவுக்கு நினைவு வந்தது. அவள் குனிந்துகொண்டாள்.

பின்னால் அவளுடைய போன் ஒலித்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலால் ஏதோ தட்டினான். வனிதா கையெழுத்து வாங்கும் சாக்கில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவனருகே போனாள். திரை தெரிந்தது.

'அண்ணன் கூட இருக்கு. இருந்தாலும் மாடிக்கு வாங்க.' அவள் அனுப்பியதுபோல அண்ணன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே கவியரசனின் பதில். 'பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். வாரேன்.'

பதிவேட்டை நீட்டியபடியே குனிந்தாள்.

"அண்ணே, வேணாம்ணே. அவர விட்டுரு. புதன்கெழம நான் பேசாம கழுத்த நீட்டிர்றேன்."

"சத்தம் போடாத. போய் உக்காரு."

"அவர ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லுண்ணே."

"மொதல்ல வர்றானான்னு பாப்போம். பாதிப் பேரு அண்ணன்னு கேட்டாலே திரும்பி பஸ் ஏறிருவானுக."

அந்த நேரம் அவனுடைய போனில் அப்பா கூப்பிட்டார். அண்ணன் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினான். "உள்ளதான்ப்பா இருக்கா. தாப்பா போட்டு நான் கதவுலதான் உக்காந்திருக்கேன். நீங்க எதுக்கு, நான் பாத்துக்கிறேன்."

வனிதா அருள்மணியைத் தேடினாள். ஓடிப்போய் அவரிடம் சொல்லலாம். ஆனால் கூட்டத்துக்கு முன்பு அவரும் அண்ணனும் படிக்கட்டில் நின்று குசுகுசுத்தது இப்போதுதான் உறைத்தது. அவர் அண்ணனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அவரும் அண்ணன் பக்கம்தான்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. புதிதாகப் பேச வந்த ஒருவர் கண் தானம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வனிதாவுக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. படிக்கட்டையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து முப்பத்தைந்துக்கு இரும்புப் படியில் காலடி விழுந்தது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. கதவைத் தட்டும் சத்தம்.

"வனிதா?"

"வராதீங்க! போயிருங்க!" அவள் கத்தினாள். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

வெற்றிசெல்வன் நிதானமாக எழுந்தான். நாற்காலியை நகர்த்தினான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டான். வனிதா ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினான்.

வெளியே கவியரசன் வியர்த்துப்போய் நின்றிருந்தான். அண்ணனைக் கண்டும் பின்வாங்கவில்லை. வெற்றிசெல்வன் அவனை மேலும் கீழும் பார்த்தான். சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வெரசா உள்ள வாங்க மாப்பிள்ளை, ஆறு மணியானா எங்கப்பா கெளம்பிருவாரு."