ஆலோசகர் வீட்டுச் சர்க்கரை

"மூணு மூட்டை சர்க்கரையா! உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

வாசலில் இருந்தே கத்தினார் அரசின் பொருளாதார ஆலோசகர். கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில், மூட்டைகள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"மெதுவாப் பேசுங்க. அக்கம்பக்கத்துல கேக்கும்" என்றாள் மனைவி.

"இனிமே கேக்க என்ன இருக்கு? அதான் ஊரே பாத்தாச்சே! நேத்து டிவியில என்ன சொன்னேன்? 'சர்க்கரை விலை இன்னும் குறையும், அவசரப்பட்டு வாங்காதீங்க'ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ பட்டப்பகல்ல வண்டி வெச்சு இறக்கியிருக்கே!"

"தேவைப்பட்டுது, வாங்கினேன்."

"நம்ம ரெண்டு பேருக்குமே சர்க்கரை வியாதி!"



விஷயம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள். ஆலோசகர் வீட்டிலேயே பதுக்குகிறார்கள் என்றால் சும்மாவா? மத்தியானத்துக்குள் கடைக்குக் கடை அடிதடி. சாயங்காலம் ஊரில் பொட்டுச் சர்க்கரை கிடையாது. விலையும் கிடுகிடுவென்று ஏறிவிட்டது.

மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பாவம், இந்த வாரம்தான் அவருடைய பதவி நீட்டிப்புக் கோப்பு நிதியமைச்சரிடம் போயிருக்கிறது. எத்தனை ஆட்சி மாறியும் அவரை யாரும் அசைத்ததில்லை. எல்லாம் தன் புத்தகங்களுக்கும் புள்ளிவிவரங்களுக்கும் கிடைத்த மரியாதை என்று அவருக்கு ஏகப் பெருமை. அந்த நாற்காலி போய்விட்டால் என்ன செய்வதென்றே அவருக்குத் தெரியாது.

"இத்தனை வருஷமாச் சேத்த பேரு... ஒரே நாள்ல மண்ணாப் போச்சு."

"ஒண்ணும் ஆகாது. முகத்தைக் கழுவிட்டு வாங்க, காப்பி தரேன்."

"சர்க்கரை போட்டுடாதே, தாயே!"

போன் அடித்தது. நிதியமைச்சரேதான். ஆலோசகர் துள்ளி எழுந்து நின்றார்.

"அம்மா, மன்னிச்சுடுங்க. ராஜினாமாவை இப்பவே எழுதித் தந்துடறேன். என் வீட்டுக்காரி விவரம் புரியாம..."

"ராஜினாமாவா? நல்லாயிருக்கே! அரசாங்கக் கிடங்குல ஈரம் பட்டுக் கரைஞ்சுக்கிட்டிருந்த சர்க்கரை பூராவும் இன்னிக்கு வித்துப்போச்சு. விலை குறையும் குறையும்னு நீங்க சொல்லச் சொல்ல ஒரு ஆளும் வாங்க வரல. நேத்து அக்கா சரின்னு சொன்னதுமே உங்க நீட்டிப்புல கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எந்த அக்காம்மா?"

"உங்க வீட்டுக்காரம்மாதான். நீங்க பதவியில இருந்தாத்தானே, அவங்க வாங்குறதைப் பாத்து ஊர் வாங்கும்? எனக்கு முன்னாடி இருந்த அமைச்சர், எதிர்க்கட்சிக்காரரா இருந்தும், இந்த ஒண்ணை மட்டும் மறக்காம சொல்லிட்டுப் போனார். அவருக்கும் அவருக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாராம். சரி, போனை அக்காகிட்ட குடுங்க, வெங்காயம் ஏகத்துக்குத் தேங்கிக் கிடக்கு."