எல்லை அரக்கிய ஞாயிறு

மனைவி யசிந்தா பூசைக்குப் புறப்பட்டதும், கொலின்ஸ் கேற்றைக் கொளுவிவிட்டு வந்து எல்லையை அரக்கத் தொடங்கினான். அவளுடைய பக்கத்தில் கொஞ்சம் எடுத்துத் தன் பக்கத்தோடு சேர்த்துவிட்டால், திரும்பி வருகிறவளுக்கு ஒன்றும் தெரியாது.

மண்வெட்டியோ வேலிக் கதியாலோ தேவைப்படவில்லை. ஒரு பென்ட்ரைவ் போதுமாயிருந்தது.

அந்த லாப்டொப் யசிந்தாவின் சீதனத்தோடு தோட்டவெளி ஊருக்கு வந்தது. கல்யாணம் முடித்த கிழமையே கொலின்ஸ் அதன் டிஸ்கைப் பாதிக்குப் பாதி பிரித்து, அவளுக்கு விண்டோஸ், தனக்கு லினக்ஸ் என்று போட்டுவிட்டான். அவள் தன் பக்கத்தில், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து ஊரில் பெயர் எடுத்துவிட்டாள். அவனுக்கோ ஒரு அப்டேற் போடக்கூட இப்போது இடமில்லை.

வாய்விட்டுக் கேட்டும் பார்த்தான். "உங்கட பக்கத்தில கிடக்கிற குப்பையைக் கூட்டுங்கோ, இடம் வரும்" என்று சொல்லிவிட்டாள்.

பென்ட்ரைவைச் செருகி லாப்டொப்பைத் திறந்ததும், இரண்டு பக்கமும் திரையில் நிறம் நிறமாக வந்தன. அவளுடைய நீலம் அகலமாகவும் அவனுடைய பச்சை ஒடுங்கியும் கிடந்தன. பாதிக்குப் பாதி பிரித்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். 'புதுமாப்பிள்ளை மயக்கத்தில கூடக் குடுத்திட்டன் போல' என்று தன் தாராள மனதைத் தானே மெச்சிக்கொண்டான்.

நீலத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினான். பச்சையை இழுத்து நீட்டினான். 'சரி' என்பதை அழுத்திய பிறகுதான் பற்றறியின் ஞாபகம் வந்தது.

லாப்டொப்பின் பற்றறி செத்துக் கனநாள். இடையில் கறன்ட் போனால் இரண்டு பக்கமும் அழிந்துவிடும். யசிந்தா கண்விழித்துச் செய்த பிள்ளைகளின் வீடியோ முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வேறு எங்கேயும் பிரதி இல்லை.

கேற் ஆடியது. கொலின்ஸ் துள்ளி எழும்பி எட்டிப் பார்த்தான். கழுதை ஒன்று ஆறுதலாக முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"போ சனியனே! உயிர் போட்டுது" என்று அதை விரட்டிவிட்டு வந்து இருந்தான்.

மறுபடியும் கேற் ஆடியபோது அவன் எழும்பவில்லை. கழுதைக்குக் கொளுக்கி கழற்றத் தெரியாது என்பது யசிந்தா வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"சுவாமி இண்டைக்குப் பிரசங்கத்தைச் சுருக்கிப்போட்டார்" என்றபடி அவள் உள்ளே காலை வைத்தாள். லாப்டொப்பின் வயர் குறுக்கே கிடந்தது.

"ஐயோ, வயர்! மிதியாதேயும்!"

கால் அந்தரத்தில் நின்றது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். கொலின்ஸுக்கு வேர்வையில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

"கோவிக்காதேயும் யசிந்தா. உம்மட பக்கத்தில கொஞ்சம் எடுக்கிறன். களவுதான். சீதனத்தில கை வச்சது பிழை. வீடியோவுக்கு ஏதும் நடந்தா வீடு வீடாப் போய் நானே மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் வயரைக் கவனமாகத் தாண்டி வந்து, கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் இருந்தாள். திரையில் வேலை நகர்வதைக் காட்டும் கோடு ஊர்ந்து ஊர்ந்து, ஒருவழியாகக் கரையைத் தொட்டது.

கொலின்ஸ் அவளுடைய பக்கத்தைத் திறந்தான். வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று சிரித்தார்கள். ஒருவரும் காணாமல் போகவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

யசிந்தா முக்காட்டின் நுனியால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"நான் தவக்காலத்தில உங்கட பக்கத்தில இடம் எடுக்கேக்க எனக்கு இப்பிடி வேர்க்கேல்லையப்பா!"