நீலப் புள்ளி வைத்த முட்டை

கருவுற்ற தவளை முட்டை ஒரு மணி நேரத்துக்குள் தானாகப் புரண்டு, கறுத்த பாதியை மேலே காட்டும். தாம்பரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு முட்டை மட்டும் வெளுத்த பாதியையே காட்டியது. அதன்மேல் நீலச் சாயத்தால் புள்ளி வைத்தேன். ஊசியால் கவிழ்த்தாலும் புள்ளி மேலே வரும்படி திரும்பிக்கொண்டது.

"அது செத்துப்போச்சு ஓவியா. ஆய்வு நோட்டுல பென்சில்ல எழுதும்மா, அழிச்சிடலாம்," என்றார் என் கைடு ஜெபசீலன் சார்.

"செத்தது எப்படி சார் புரளும்?"

அவர் அதை எடுத்து சிங்க்கில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.

அன்று மாலை ஆய்வகத்தைப் பூட்டியவரும் மறுநாள் காலை திறந்தவரும் அவர்தான். முட்டை கிண்ணத்தில் அதே இடத்தில் நீலப் புள்ளியோடு இருந்தது.

சார் ரப்பரை எடுத்தார். நான் நோட்டிலிருந்த பென்சில் எழுத்தின்மேல் பேனாவால் எழுதினேன்.

"கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் ஊசியால் முட்டையைக் கவிழ்த்தார். அது நிதானமாகத் திரும்பி, நீலப் புள்ளியை அவருக்குக் காட்டியது.