நேரில் கண்ட சாட்சி

அவர் வண்டி எண்ணை வாய்க்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிசகவில்லை.

கோர்ட் வராந்தாவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வக்கீல் குமாஸ்தா காலையிலேயே பாடம் நடத்தி முடித்துவிட்டார். நாள், இடம், வண்டி. இந்த மூன்றைத் தாண்டிப் பேசக் கூடாது. வேறு என்ன கேட்டாலும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அவருக்குப் போய் இதைச் சொல்லித்தர வேண்டுமா? வாகன விபத்து வழக்குகளில் இது அவருக்கு நாற்பத்தோராவது சாட்சியம். கோர்ட் பதிவுப்படி, முந்தைய நாற்பது விபத்துகளின்போதும் அவர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஒரே கோர்ட்டில் அடிக்கடி தலைகாட்ட மாட்டார். விபத்து நடந்த இடத்தைப் போய்ப் பார்க்கவும் மாட்டார். பார்த்துவிட்டால் கூடுதலாக ஏதாவது வாயில் வந்துவிடும்.

இதைப் பாவமென்று அவர் நினைத்ததில்லை. ரோட்டில் நடந்து போகிறவரை வண்டி அடித்துப் போட்டால், பார்த்தவர்கள் கோர்ட்டுக்கு அலையப் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாக அவர் வருகிறார். அவ்வளவுதான்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்த முத்துக்கனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை.

மார்கழியில் பனி மூடிய ஒரு விடிகாலை, புறவழிச் சாலையில் வேன் அடித்துவிட்டது. அவளாகவே வந்து விழுந்தாள் என்கிறான் டிரைவர். இன்சூரன்ஸ்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஊரும் அதைத்தான் நம்புகிறது. அவளுக்கோ அந்தக் காலை சுத்தமாக நினைவில்லை.

தகவல் தெரிந்து வீட்டிலிருந்து ஓடி வந்ததாகச் சொல்லும் கணவன்தான் அன்றிலிருந்து அவளைத் தூக்கிச் சுமக்கிறான். இன்றைக்கும் ஆட்டோவிலிருந்து அவன்தான் இறக்கி உட்கார வைத்தான்.

அவள் அவரைக் கும்பிட்டாள். அவர் நிஜமாகவே பார்த்தவர் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

“அண்ணாச்சி, சாகணும்னு நானாவா போயி விழுந்தேன்? பாத்தத அப்படியே சொல்லிருங்க. எதுன்னாலும் எனக்குத் தெரியணும்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாற்பது வழக்குகளில் ஒருவர்கூட அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள்.

கூண்டில் ஏறி நாளைச் சொன்னார். இடத்தைச் சொன்னார். வண்டி எண்ணையும் சொன்னார்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, அந்தம்மா எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று சாதாரணமாகக் கேட்டார்.

கவனிக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் பாக்கி.

அவர் வாயைத் திறந்தார்.

எதிரே பனி தெரிந்தது.

நீதிபதியின் மேஜை இருந்த இடத்தில் ஈரமான தார் ரோடு கிடந்தது. ஓரத்துக் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. உள்ளங்கால் சில்லிட்டது. அவருக்குப் பயமாக இருந்தது. கூண்டுக் கட்டையை இறுகப் பற்றிக்கொண்டார்.

பேசியது அவருடைய குரல்தான்.

“அந்தம்மா தனியா வரல. ஒரு ஆளு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. வேன் வெளிச்சம் தெரியவும், நடுரோட்டுல கைய விட்டுட்டுப் பின்னாடி நகந்துட்டாரு.”

தட்டச்சுச் சத்தம் நின்றது.

குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் வக்கீல் அவசரமாக வழக்குக் கட்டைப் புரட்டினார். அதில் அப்படி ஓர் ஆளே இல்லை.

அந்த ஆளை அடையாளம் காட்ட முடியுமா என்று நீதிபதி கேட்டார். முகம் தெரியவில்லை என்றார். அவர் கோர்ட்டில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். இது பொய்யில்லை. பனியில் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

கூண்டிலிருந்து இறங்கி வெளியே நடந்தார். நல்ல வழக்கைக் கெடுத்துவிட்டீரே என்று குமாஸ்தா பல்லைக் கடித்தார். அது அவர் காதில் ஏறவே இல்லை.

வராந்தாவின் கடைசித் தூணருகே முத்துக்கனியின் கணவன் வழிமறித்தான். சண்டை போடப்போகிறான் என்று நினைத்தார். அவன் குரலை உயர்த்தவே இல்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

“எங்க நின்னு பாத்தீங்க அண்ணாச்சி? அன்னைக்கு அந்த ரோட்டுல வேற யாருமே இல்லையே.”

அவருக்கும் அதுதான் தெரியவில்லை.

அவனுக்குப் பின்னால், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் முத்துக்கனி வந்து நின்றிருந்தாள்.

அவளை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை.